கூட்டம் எங்கே தடுமாறுகிறது? திறமூலக் குழுக்களுக்கு அறிகுறிவாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

திறமூலத் திட்டத்தின் வழக்கமான இணையவழிக் கூட்டம் சரியாக நடக்கவில்லை என்றதும் பல குழுக்கள் முதலில் கை வைப்பது மென்பொருளில்தான். ஜிட்சி போய் ஜூம் வரும், ஜூம் போய் பிக்புளூபட்டன் வரும். குறை அப்படியே இருக்கும். கோளாறு நேரம் குறிப்பதில் இருக்கலாம், உள்ளே நுழைவதில் இருக்கலாம், ஒலியில் இருக்கலாம், பேச்சை நடத்தும் விதத்தில் இருக்கலாம், கூட்டம் முடிந்த பிறகு நடப்பதில் இருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் தனி அறிகுறி உண்டு. உங்களுக்குப் பொருந்தும் தலைப்பிலிருந்து தொடங்குங்கள். ஒரே நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, இரண்டு மூன்று கூட்டங்கள் பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.

ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம். எந்தத் திட்டத்திலும் கூட்டத்துக்கு வருபவர்களைவிட வராதவர்களே அதிகம். வராதவர் பின்னால் படித்துப் புரிந்துகொள்ளவும் மறுப்புச் சொல்லவும் வழியில்லாத கூட்டம், உள்ளே எவ்வளவு நன்றாக நடந்தாலும் திட்டத்தைப் பிளக்கும். கீழே உள்ள தீர்வுகளில் பாதி இதிலிருந்துதான் வருகின்றன.

## சிலர் ஒரு மணி நேரம் தள்ளி வருகிறார்கள்

மார்ச், அக்டோபர், நவம்பரில் மட்டும் இது நடந்தால் காரணம் கோடைகால நேர மாற்றம். அமெரிக்காவின் பெரும்பகுதியில் மார்ச் இரண்டாம் ஞாயிறன்று கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னே போகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் மார்ச் கடைசி ஞாயிறு. பழைய நேரத்துக்குத் திரும்புவது ஐரோப்பாவில் அக்டோபர் கடைசி ஞாயிறு, அமெரிக்காவில் நவம்பர் முதல் ஞாயிறு. 2026இல் அந்த நாட்கள் மார்ச் 8, மார்ச் 29, அக்டோபர் 25, நவம்பர் 1. நியூயார்க் நேரம் காலை 10 மணி என்று வைத்த கூட்டம் பெர்லினில் வழக்கமாக மாலை 4 மணி. மார்ச் 8 தொடங்கி 28 முடிய அது 3 மணி. பழக்கத்தில் 4 மணிக்கு வருபவர் காலி அறையைத்தான் பார்ப்பார். ஆஸ்திரேலியாவின் தென்கிழக்கு மாநிலங்களில் திசையே நேரெதிர்: அக்டோபரில் முன்னே, ஏப்ரலில் பின்னே. ஜப்பான், கென்யா போன்ற நாடுகளில் மாற்றமே கிடையாது.

தீர்வு: கூட்ட நேரத்தை எதனோடு கட்டிவைக்கிறீர்கள் என்று முடிவு செய்து, அதை எழுதி வையுங்கள். யூடிசியோடு, அதாவது உலகப் பொது நேரத்தோடு, கட்டினால் கடிகாரம் மாற்றாத நாட்டினருக்கு நேரம் நிலையாக இருக்கும், மற்றவர்களுக்கு ஆண்டுக்கு இருமுறை நகரும். ஒரு நகரத்தோடு கட்டினால் அந்தப் பகுதியினருக்கு நிலையாக இருக்கும், மற்றவர்களுக்கு நகரும். உறுப்பினர்கள் பல கண்டங்களில் பரவியிருந்தால் யூடிசிதான் நியாயம் என்பது எங்கள் கருத்து. நகரத்தோடு கட்டுவதென்றால் காலண்டர் நிகழ்வில் ‘அமெரிக்கா/நியூயார்க்’ போன்ற மண்டலப் பெயரையே தேர்ந்தெடுங்கள். ‘யூடிசி கழித்தல் 5’ என்று நிலையான வித்தியாசத்தைக் கொடுத்தால் கோடையில் அது தானாக நகராது.

அறிவிப்பில் மூன்றெழுத்துச் சுருக்கங்கள் வேண்டாம். ஐஎஸ்டி என்பது இந்தியாவுக்கும் அயர்லாந்துக்கும் இஸ்ரேலுக்கும் பொது. சிஎஸ்டி என்பதைச் சீன நேரமாகவும் அமெரிக்க மத்திய நேரமாகவும் படிக்கலாம். கிழமையையும் யூடிசிக்கே எழுதுங்கள். புதன் 00:30 யூடிசி என்பது அமெரிக்காவில் இருப்பவருக்குச் செவ்வாய் மாலை. அந்த ஒரு வரியை எழுதாததால் ஒருநாள் தாமதமாக வருபவர்கள் எப்போதும் உண்டு.

ஆண்டு முழுக்கவே குழப்பம் என்றால் காலண்டரைப் பாருங்கள். பொதுக் காலண்டரின் ஐகேல் முகவரிக்கு (காலண்டர் செயலி தானாகப் படிக்கும் இணைப்பு) சந்தா போட்டவர்களுக்கு மாற்றம் தானாகப் போகும். எப்போதோ கோப்பை இறக்கிக்கொண்டவர்களிடம் பழைய நேரமே இருக்கும். சந்தா போட்டவர்களுக்கும் உடனே போய்ச் சேராது, புதுப்பிக்கப் பல மணி நேரம் ஆகும். எனவே கூட்டத்துக்கு ஒரு மணி நேரம் இருக்கும்போது நேரத்தை மாற்றாதீர்கள். தவிர்க்க முடியாவிட்டால் அரட்டை அறையிலும் மின்னஞ்சலிலும் தனியாகச் சொல்லுங்கள், பழைய நேரத்திலும் ஒருவர் அறையில் இருந்து வருபவர்களுக்கு விவரம் சொல்லட்டும்.

## “கூட்டம் இந்த வாரமா, அடுத்த வாரமா?”

இரு வாரத்துக்கு ஒருமுறை என்று அறிவித்த கூட்டங்களில் இந்தக் கேள்வி ஓயாது. ‘14 நாளுக்கு ஒருமுறை’ என்பதும் ‘மாதத்தின் முதல், மூன்றாம் செவ்வாய்’ என்பதும் ஒன்றல்ல. ஐந்து செவ்வாய் வரும் மாதத்தில் இரண்டாவது முறைப்படி 21 நாள் இடைவெளி விழும். நினைவில் நிற்பது இரண்டாவது. சீராக ஓடுவது முதலாவது. எதுவானாலும் அடுத்த மூன்று கூட்டங்களின் தேதிகளைத் திட்டத்தின் ரீட்மீ எனப்படும் அறிமுகக் கோப்பில் போட்டுவிடுங்கள், கேள்வி நின்றுவிடும்.

## இணைப்பைச் சொடுக்கினால் உள்ளே விடவில்லை

“மாடரேட்டர் வரும்வரை காத்திருக்கவும்” என்று ஜிட்சியின் பொதுச் சேவையில் வந்தால் அது கோளாறு அல்ல. 2023 ஆகஸ்ட் முதல் அங்கே அறையைத் திறப்பவர் ஏதாவது ஒரு கணக்கால் உள்நுழைய வேண்டும். பின்னால் வருபவர்களுக்கு அது தேவையில்லை. அப்படி உள்நுழையக்கூடியவர் ஒருவர்தான் என்றால், அவருக்குக் காய்ச்சல் வந்த வாரம் கூட்டம் இல்லை. ஜூமிலும் கதை அதுவே. மாற்று ஹோஸ்டுகளை நியமிக்க உங்கள் கணக்கில் வசதி இல்லாவிட்டால், ஹோஸ்டுக்கு முன்பே மற்றவர்கள் நுழைய அனுமதி கொடுத்து, ஹோஸ்ட் கீ எனப்படும் எண்ணை நம்பகமான இருவரிடம் கொடுத்து வையுங்கள். எந்தச் சேவையானாலும் கதவைத் திறக்க மூன்று பேர், முடிந்தால் வெவ்வேறு நேர மண்டலங்களில்.

கூட்டம் நடுவில் பட்டென்று முடிந்துவிட்டால் இலவசக் கணக்கின் வரம்பைப் பாருங்கள். ஜூமில் 40 நிமிடம். கூகுள் மீட்டில் மூன்று பேரோ அதற்கு மேலோ என்றால் 60 நிமிடம்.

## இருவர் பேச முடிகிறது. மூன்றாமவர் வந்ததும் ஒலியும் படமும் போய்விடுகிறது

சொந்தமாக ஜிட்சி சர்வர் வைத்திருப்பவர்களுக்கு மிகவும் பழக்கமான அறிகுறி. அறிகுறியே காரணத்தைச் சொல்லிவிடுகிறது. இரண்டு பேர் இருக்கும்வரை ஜிட்சி இருவரின் கணினிகளையும் நேரடியாக இணைக்கிறது. மூன்றாமவர் வந்ததும் எல்லா ஒலியும் படமும் சர்வரில் உள்ள வீடியோ பிரிட்ஜ் வழியாகப் போகத் தொடங்குகின்றன. அந்தப் பாதை அடைபட்டிருந்தால் அறை இருக்கும், பெயர்கள் தெரியும், அரட்டை கூட வேலை செய்யும். குரல் மட்டும் வராது.

1. சர்வரின் ஃபயர்வாலில் யூடிபி போர்ட் 10000 (ஒலியும் படமும் போகும் வழி) திறந்திருக்கிறதா என்று பாருங்கள். மேகக் கணிமைச் சர்வர் என்றால் இயங்குதளத்தின் ஃபயர்வால் ஒன்று, சேவை வழங்குநரின் பலகத்தில் உள்ள ஃபயர்வால் இன்னொன்று. பலர் முதலாவதைத் திறந்துவிட்டு இரண்டாவதை மறந்துவிடுகிறார்கள்.
2. சர்வர் நேட்டுக்கு (உள் முகவரிகளைப் பொது முகவரியாக மாற்றும் அமைப்பு) பின்னால் இருந்தால் பிரிட்ஜ் தன் உள் முகவரியையே உலகுக்கு அறிவித்துக்கொண்டிருக்கும். குரோமில் வெப்ஆர்டிசி-இன்டர்னல்ஸ் பக்கத்தைத் திறந்து, சர்வர் தரப்பிலிருந்து வந்த கேண்டிடேட் எனப்படும் இணைப்பு முகவரிகளைப் பாருங்கள். அவை எல்லாமே 10. அல்லது 192.168. என்று தொடங்கினால் குற்றவாளி இதுதான். டாக்கர் வழி நிறுவியவர்கள் சூழல் கோப்பில் பிரிட்ஜ் அறிவிக்க வேண்டிய ஐபி முகவரிக்கான மாறியில் பொது முகவரியைக் கொடுத்து, கண்டெய்னர்களை மறுபடி உருவாக்குங்கள்.
3. மூன்று கருவிகளில் சோதியுங்கள். ஒன்றாவது மொபைல் டேட்டாவில் இருக்கட்டும். மூன்றும் சர்வர் இருக்கும் அதே வலையமைப்பில் இருந்தால் தவறான அமைப்பும் வேலை செய்வதுபோல் காட்டும்.

ஒரு சிலருக்கு மட்டும் இந்தக் கோளாறு என்றால் அவர்களுடைய அலுவலகமோ கல்லூரியோ யூடிபியை அடைத்திருக்கும். 443 போர்ட்டில் மறையாக்கப்பட்ட டிஎல்எஸ் வழியாகப் பதில் சொல்லும், ஒலியையும் படத்தையும் இடைநின்று கடத்தும் டர்ன் சர்வர் வைத்தால்தான் அவர்களால் வர முடியும். பிக்புளூபட்டனில் இதே வகைக் கோளாறு 1007 என்ற பிழை எண்ணாக வரும். அங்கே திறக்க வேண்டியது யூடிபி 16384 முதல் 32768 வரை.

## எதிரொலி

“யாருக்கு எதிரொலி கேட்கிறது?” என்று எல்லோரும் கேட்பார்கள். கேட்க வேண்டியது இதற்கு நேர்மாறாக: யாருக்குக் கேட்கவில்லை? பேசுபவரின் குரல் இன்னொருவரின் ஸ்பீக்கரில் வந்து, அவருடைய மைக்குக்குள் புகுந்து எல்லோருக்கும் திரும்பிப் போகிறது. அந்த இன்னொருவருக்குத் தன் மைக்கின் ஒலி திரும்ப வருவதில்லை, ஆகவே அவருக்கு மட்டும் கூட்டம் சுத்தமாகக் கேட்கும். “எனக்கு ஒன்றும் கேட்கவில்லையே” என்பவரை மியூட் செய்து பாருங்கள். தெரியாவிட்டால் பேசுபவரைத் தவிர எல்லோரையும் மியூட் செய்து ஒவ்வொருவராகத் திறவுங்கள்.

ஒரே அறையில் இரண்டு லேப்டாப்புகள் கூட்டத்தில் இருந்தால் எதிரொலி நீக்கியால் சமாளிக்க முடியாது. அது தன் ஸ்பீக்கரில் வரும் ஒலியை மட்டுமே அறியும், பக்கத்து ஸ்பீக்கரை அறியாது. ஒரு கருவியில் மட்டும் ஒலி இருக்கட்டும். மற்றதில் ஸ்பீக்கர், மைக் இரண்டையும் அணையுங்கள்.

## ஒருவரின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் இருக்கிறது

பெரும்பாலும் புளூடூத் ஹெட்செட். பாட்டுக் கேட்கும்போது அது ஏ2டிபி என்ற ஒருவழிப் பாதையில் ஓடுகிறது. மைக்கைத் திறந்ததும் இருவழிப் பேச்சுக்கான ஹெச்எஃப்பி பாதைக்கு மாறுகிறது. அங்கே ஒலி ஒற்றைத் தடத்தில், பழைய கோடெக்கில் (ஒலியைச் சுருக்கும் முறை) 8 கிலோஹெர்ட்ஸ், சற்று நல்லதில் 16 கிலோஹெர்ட்ஸ் மாதிரி வேகத்துக்குச் சுருங்கிவிடும். இணைய வேகத்தைக் கூட்டினாலும் இது தீராது. கேட்பதற்குப் புளூடூத்தையும் பேசுவதற்கு லேப்டாப்பின் மைக்கையும் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். லினக்ஸில் பவுகன்ட்ரோல் கருவியில் உள்ளீட்டை மாற்றிவிட்டு, ஹெட்செட்டின் புரோஃபைலை ஏ2டிபிக்குத் திருப்ப வேண்டும். இதைவிட எளிது கம்பியுள்ள சாதாரண ஹெட்செட்.

குரல் விட்டுவிட்டு வந்தால் அது வேறு கோளாறு. ஒலிக்கு விநாடிக்குச் சில பத்து கிலோபிட் போதும், இடத்தை அடைப்பது வீடியோ. தன் கேமராவை அணைத்து, மற்றவர்களின் வீடியோவைப் பெறுவதையும் நிறுத்தினால் பெரும்பாலும் சரியாகும். கேமரா கட்டாயம் என்று எந்தக் குழுவும் விதி வைக்கக் கூடாது. மெதுவான இணைப்புள்ள பங்களிப்பாளரை வெளியே தள்ளும் விதி அது.

## திரையைப் பகிர்ந்தால் கறுப்பாகத் தெரிகிறது, அல்லது எழுத்தைப் படிக்க முடியவில்லை

கறுப்புத் திரை லினக்ஸில் வேலாண்ட் என்ற திரைக்காட்சி முறையைப் பயன்படுத்துபவர்களுக்கு வரும். வேலாண்டில் ஒரு செயலி மற்றச் செயலிகளின் திரையைத் தானாக எடுக்க முடியாது. படத்தைக் கடத்தும் பைப்வயரும் அனுமதி கேட்கும் எக்ஸ்டிஜி டெஸ்க்டாப் போர்ட்டலும் இடையில் இருக்க வேண்டும். போர்ட்டல் நிறுவியும் கறுப்பாக இருந்தால், உங்கள் டெஸ்க்டாப்புக்கு உரிய பின்னிணைப்புப் பொதி விடுபட்டிருக்கும். நோமுக்கு ஒன்று, கேடிஇக்கு ஒன்று, ஸ்வே போன்றவற்றுக்கு டபிள்யூஎல்ஆர் என்று முடியும் ஒன்று. நிறுவியபின் வெளியேறி மீண்டும் உள்நுழையுங்கள். அந்த நேரத்துக்கு அவசரம் என்றால் பழைய முறையான எக்ஸ்11 அமர்வில் நுழைந்து பகிரலாம், உங்கள் டெஸ்க்டாப்பில் அது இன்னும் இருந்தால்.

படிக்க முடியாத எழுத்துக்குக் காரணம் பெரிய மானிட்டரை முழுதாகப் பகிர்வது. 4கே திரையை ஒருவர் 13 அங்குல லேப்டாப்பில் பார்த்தால் நிரல்வரிகள் எறும்பு ஊர்வதாகத்தான் தெரியும். ஒரு சாளரத்தை மட்டும் பகிருங்கள். எழுத்தளவை 18 அல்லது 20க்கு ஏற்றுங்கள். பார்க்க வேண்டிய கோப்பின் பெயர், வரி எண், புல் ரிக்வெஸ்டின் (மாற்றத்தைச் சேர்க்கக் கோரும் பக்கம்) இணைப்பு மூன்றையும் அரட்டையில் போடுங்கள். பலரும் தங்கள் உலாவியில் திறந்து பார்த்துக்கொள்வார்கள், திரைவாசிப்பான் பயன்படுத்துபவருக்கும் அதுவே வழி.

## முன்பின் தெரியாதவர்கள் புகுந்து கூச்சலிடுகிறார்கள்

இணைப்பைப் பொதுவில் வைக்கும் எந்தக் கூட்டத்திலும் இது நடக்கலாம். 2020இல் உலகம் முழுவதும் இது பரவியபோது ‘ஜூம்பாம்பிங்’ என்ற பெயரே வந்தது. இணைப்பை மறைத்துவைப்பது திறந்த சமூகத்துக்குப் பொருந்தாது. புதியவரும் சேர்ந்து தொலைந்துபோவார். பூட்ட வேண்டியது உள்ளே இருக்கும் உரிமைகளை: நுழையும்போது மியூட், திரைப் பகிர்வு ஹோஸ்டுக்கும் அவர் அனுமதிப்பவருக்கும் மட்டும், திரையில் கிறுக்கும் வசதி நிறுத்தம். பேச்சை நடத்துபவரைத் தவிர இன்னொருவர் பங்கேற்பாளர் பட்டியலை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கட்டும். புகுந்துவிட்டால் விவாதிக்க வேண்டாம். வெளியேற்றி, பதிவை நிறுத்தி, அந்தப் பகுதியை நீக்கிய பிறகே காணொளியை வெளியிடுங்கள்.

## பதிவைக் காணவில்லை

பிக்புளூபட்டனில் பதிவுக்கு அனுமதி கொடுத்து அறையை உருவாக்கினால் மட்டும் போதாது, கூட்டம் தொடங்கியதும் பதிவுப் பொத்தானை அழுத்த வேண்டும். கூட்டம் முடிந்த பிறகுதான் காணொளி தயாராகும். சர்வரைப் பொறுத்து நேரமெடுக்கும். கடைசி ஆளும் வெளியேறும்வரை, அல்லது மாடரேட்டர் கூட்டத்தை முடிக்கும்வரை, அந்த வேலை தொடங்காது. யாரோ ஒருவர் உலாவித் தாவலை மூடாமல் போனதே தாமதத்துக்குக் காரணமாக இருக்கும்.

பதிவு செய்வதாக இருந்தால் அழைப்பிலும் தொடக்கத்திலும் சொல்லிவிடுங்கள். இன்னும் வெளியிடாத பாதுகாப்புப் பிழையைப் பற்றிப் பொதுக் கூட்டத்தில் பேசவே கூடாது. யாராவது தொடங்கினால் உடனே நிறுத்தித் தனி வழிக்கு அனுப்புங்கள்.

## எப்போதும் அதே மூன்று பேர்தான் பேசுகிறார்கள்

மற்றவர்களுக்குச் சொல்ல ஒன்றுமில்லை என்று முடிவுகட்டிவிடாதீர்கள். “கருத்து ஏதும் உண்டா?” என்று கேட்டுவிட்டு இரண்டு விநாடியில் அடுத்ததற்குப் போனால் யாரும் பேச முடியாது. ஒலி போய்ச் சேரும் தாமதம், மியூட்டைத் திறக்கும் நேரம், பொது மொழியில் வாக்கியத்தை மனதுக்குள் கோத்துக்கொள்ளும் நேரம் எல்லாம் சேர்த்துப் பத்து விநாடியாவது காத்திருங்கள். அந்த மௌனம் நடத்துபவருக்குச் சங்கடமாக இருக்கும், இருக்கட்டும்.

தலைமைப் பராமரிப்பாளரே கூட்டத்தை நடத்துவது இந்த நோயின் முக்கியக் காரணம். அவர் முதலில் கருத்துச் சொன்னதும் கேள்வி முடிந்துபோகிறது. நடத்தும் பொறுப்பை வேறொருவருக்குச் சுழற்சி முறையில் கொடுங்கள், பராமரிப்பாளர் கடைசியில் பேசட்டும். கை உயர்த்தியவர்களின் வரிசையை நடத்துபவர் சத்தமாகச் சொல்ல வேண்டும். அரட்டையில் எழுதியதையும் பேசியதற்குச் சமமாக, எழுதியவர் பெயரோடு வாசிக்க வேண்டும்.

இத்தனைக்கும் பிறகு அமைதியே நீடித்தால் மாதத்தில் ஒரு கூட்டத்தை எழுத்தில் நடத்திப் பாருங்கள். டெபியன் குழுவினர் ஐஆர்சி என்ற எழுத்து அரட்டைக்காக உருவாக்கிய மீட்பாட் போன்ற தானியங்கி பாட்கள் தலைப்பு, முடிவு, பொறுப்பு ஆகியவற்றை அரட்டையிலிருந்தே பிரித்துக் குறிப்பாகத் தந்துவிடும். பேசத் தயங்கியவர்கள் எழுத்தில் நீளமாகவே பதில் சொல்வதைக் காணலாம்.

## நேரம் முடிந்துவிடுகிறது, நிகழ்ச்சி நிரல் முடியவில்லை

முதல் அரைமணி யார் என்ன செய்தோம் என்பதிலேயே போகிறதா? அதை எழுத்துக்கு மாற்றுங்கள். கூட்டத்துக்கு முந்தைய நாளுக்குள் ஒவ்வொருவரும் குறிப்புக் கோப்பில் இரண்டு வரி எழுதட்டும். கூட்டத்தில் அதை வாசிக்கவும் வேண்டாம். நிரலின் ஒவ்வொரு பொருளுக்கும் மூன்று விவரம் தேவை: இஷ்யூவின் (பிழையையோ வேலையையோ பதியும் பக்கம்) இணைப்பு, எத்தனை நிமிடம், என்ன வேண்டும். கடைசியானதுதான் முக்கியம். தகவல் சொல்லவா, கருத்துக் கேட்கவா, முடிவெடுக்கவா என்று எழுதாத பொருள்தான் இருபது நிமிடத்தை விழுங்கும். 60 நிமிடக் கூட்டத்துக்கு இப்படிப்பட்ட நான்கு பொருள்களுக்கு மேல் வேண்டாம், கடைசி பத்து நிமிடத்தைப் பொறுப்புகளைப் பிரிக்க ஒதுக்குங்கள்.

நிரலைக் கையால் தொகுப்பது சுமையானால் நோட்.ஜேஎஸ் தொழில்நுட்பக் குழு செய்வதுபோல் ஒரு லேபிளை வைத்துக்கொள்ளலாம். விவாதிக்க வேண்டிய இஷ்யூவில் யாராவது அந்த லேபிளை ஒட்டினால் நிரலில் அது தானாகச் சேரும்.

## முடிவெடுத்த பிறகு சண்டை வருகிறது

“எப்போது முடிவு செய்தீர்கள்? எனக்குத் தெரியவே தெரியாது.” இதைச் சொல்பவர் பெரும்பாலும் கூட்டம் நடந்தபோது தூங்கிக்கொண்டிருந்தவர், அவர் ஊரில் அது நள்ளிரவு. கூட்டத்தில் எட்டியதை முடிவு என்று அறிவிக்காதீர்கள், முன்மொழிவு என்று இஷ்யூவில் எழுதி மறுப்புக்கு அவகாசம் கொடுங்கள். அப்பாச்சி அறக்கட்டளையின் திறமூலத் திட்டங்களில் வாக்கெடுப்புகள் குறைந்தது 72 மணி நேரம் திறந்திருப்பது வழக்கம். உலகின் எந்த மூலையில் இருப்பவருக்கும் வார இறுதியைத் தாண்டிக் கூட ஒரு வாய்ப்புக் கிடைக்கும். பெரிய மாற்றங்களுக்கு ஒரு வாரம் கொடுப்பது நல்லது.

கூட்டக் குறிப்பு இதற்குத் துணை. ஹெட்ஜ்டாக், ஈதர்பேட் போன்ற கூட்டாக எழுதும் கருவி ஒன்றில் இருவர் சேர்ந்து எழுதட்டும், ஒருவர் பேசும்போது மற்றவர் தொடர்வார். சொல்லுக்குச் சொல் வேண்டாம். ஏற்கப்பட்டது என்ன, மறுக்கப்பட்டது என்ன, ஏன் மறுக்கப்பட்டது என்பவை வேண்டும். அந்த ‘ஏன்’ இல்லாத குறிப்பால் அதே விவாதம் ஆறு மாதம் கழித்துத் திரும்ப வரும். அரட்டையில் விழுந்த இணைப்புகளைக் கூட்டம் கலைவதற்கு முன் எடுத்துக்கொள்ளுங்கள், ஜிட்சியில் பிறகு அவை கிடைக்காது. 24 மணி நேரத்துக்குள் குறிப்பைத் தேதியைப் பெயராகக் கொண்ட மார்க்டவுன் கோப்பாக்கித் திட்டத்தின் களஞ்சியத்துக்குப் புல் ரிக்வெஸ்டாக அனுப்புங்கள். தவறாக எழுதியிருந்தால் வந்திருந்தவர்களே அங்கே திருத்துவார்கள்.

## ஒப்புக்கொண்ட வேலை நகரவில்லை

“பார்க்கலாம்”, “செய்துவிடலாம்” என்று குறிப்பில் இருந்தால் யாரும் செய்யப் போவதில்லை. ஒரு பெயர், ஒரு தேதி, ஒரு இஷ்யூ எண். இல்லாத ஒருவர் தலையில் வேலையைக் கட்டாதீர்கள். தொடர்ந்து இரண்டு கூட்டங்களில் நகராத வேலையை ஒப்புக்கொண்டவரிடமிருந்து கனிவாக விடுவித்து, ‘உதவி தேவை’ என்று லேபிள் ஒட்டுங்கள். தன்னார்வலருக்கு வேலையும் குடும்பமும் இருக்கின்றன. விடுவித்தால் அவர் திரும்பி வருவார், துரத்தினால் கூட்டத்துக்கே வரமாட்டார்.

## வருகை குறைந்துகொண்டே போகிறது

எண்ணிக்கையைப் பார்க்காதீர்கள், யார் வருவதை நிறுத்தினார்கள் என்று பாருங்கள். ஒரே பகுதியைச் சேர்ந்தவர்கள் நின்றிருந்தால் நேரம்தான் பிரச்சினை. 16:00 யூடிசி ஐரோப்பாவுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் அமெரிக்காவுக்கும் வசதி. ஜப்பானில் அது நள்ளிரவு தாண்டி ஒரு மணி. ஒரு கூட்டம் 16:00, அடுத்தது 06:00 என்று மாற்றி மாற்றி நடத்தினால் சிரமம் எல்லோருக்கும் பங்காகும்.

புதியவர்கள் ஒருமுறை வந்து மறைகிறார்கள் என்றால், அவர்கள் கேட்ட ஒரு மணி நேரத்தில் தாங்கள் செய்யக்கூடியது எதுவும் இல்லை என்று பொருள். கூட்டம் முடிந்த அன்றே ஒருவர் அவர்களுக்கு எழுதி, தொடங்க ஏற்ற ஒரு இஷ்யூவைக் காட்டட்டும்.

பழையவர்களே நின்றால் நிரலைத் திரும்பிப் பாருங்கள். பொருள் எதுவும் இல்லாமலே பழக்கத்தால் கூடிக்கொண்டிருக்கிறீர்களா? 24 மணி நேரத்துக்கு முன் நிரல் காலியாக இருந்தால் ரத்து என்று எழுதி வைத்துக்கொண்டு, அதை உண்மையாகவே கடைப்பிடியுங்கள். ரத்து அறிவிப்பில் அடுத்த தேதியும் நிரல் கோப்பின் இணைப்பும் இருக்கட்டும். தொடர்ந்து மூன்று முறை ரத்தானால் வாராந்திரத்தை மாதாந்திரமாக்கிவிடுங்கள். காலண்டரிலும் ரீட்மீயிலும் ஒரே நாளில் மாற்றுங்கள்.